150 ஆறு

மாஸ்டர் மேசையில் வைத்தது ஒரு பிஸ்கட் டின். 2021ஆம் ஆண்டு, ஊரடங்கு தளர்ந்து பஸ் ஓடத் தொடங்கியிருந்த நேரம். டின்னுக்குள் பதினொரு பிளொப்பிகளும் இரண்டு சீடிகளும் இருந்தன. ஈரம் ஏறாமலிருக்க ஒரு கைப்பிடி அரிசியும் போட்டிருந்தார். தலவாக்கலைக் குளிரில் உப்பு டப்பாவே கரைந்துபோகும், பிளொப்பி எந்த மூலைக்கு?

"இதெல்லாம் நீங்க ரெண்டு புள்ளைங்களும் அடிச்சதுதான். தொறந்து குடு. எல்லாத்தையும் ஒரே புத்தகமா போட்டுருவோம்."

2001 முதல் 2005 வரை வருடத்துக்கு இரண்டு தடவை மாஸ்டர் ஒரு சிற்றிதழ் கொண்டுவந்தார். தோட்டங்களில் கேட்டு எழுதிய கதைகள், பாட்டுகள், சி.வி. வேலுப்பிள்ளையைப் பற்றி ஒரு தொடர், அந்த நேரம் ஊரே பேசிக்கொண்டிருந்த மேல் கொத்மலைத் திட்டம் பற்றிய கட்டுரைகள். அச்சடித்த பிரதிகள் கைக்குக் கை போய்விட்டன. அவரிடம் மிஞ்சிய ஒரு கட்டைக் கரையான் தின்றுவிட்டது.

பதினொன்றில் நான்கு பிளொப்பிகளைத்தான் வாசிக்க முடிந்தது. சீடி இரண்டில் ஒன்று. கோப்புகள் கிடைத்துவிட்டன என்று அன்று மாலை மாஸ்டருக்குப் போன் செய்தேன். அவசரப்பட்டுவிட்டேன். இருப்பதைப் பார்த்தேனே தவிர, எதையும் திறக்க முடியவில்லை.

இந்தக் கோப்புகள் எப்படி இப்படி ஆயின என்பதைச் சொல்ல வேண்டுமானால் நான் தொழில் பழகிய கடையிலிருந்து தொடங்க வேண்டும்.

1998இல் நான் சேர்ந்தபோது அங்கே ஒரு கணினி, ஒரு ரோனியோ மெஷின், மூலையில் துணி மூடிய ஒரு தமிழ் டைப்ரைட்டர். அதுவரை தொழிற்சங்க நோட்டீஸ், கோயில் தேர் அழைப்பு, பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள் எல்லாமே டைப்ரைட்டரில் ஸ்டென்சில் வெட்டி ரோனியோவில் உருட்டியவைதான். எனக்கு முன்பே அங்கிருந்த அக்கா அந்த டைப்ரைட்டரில் பழகியவர். நான் விரல் பழகியதும் அவரிடம்தான். முதல் பாடம் ய, ள, ன, க. இடது கைச் சுண்டுவிரல் முதல் ஆள்காட்டி விரல் வரை. அந்த வரிசைக்கு ஒரு நீண்ட கதை உண்டு. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன ஆர். முத்தையா என்பவர்தான் தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு வழி செய்தவர். 1930களில் அவருடைய பொறிகள் ஜெர்மனியில் செய்யப்பட்டு வந்தன. 247 எழுத்தையும் நாற்பத்துச் சொச்சம் சாவிக்குள் அடக்க அவர் செய்தது எழுத்துகளைத் துண்டு துண்டாக்கியதுதான். கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. புள்ளிச் சாவியை அடித்தால் உருளை நகராது, அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் விழும்.

கணினி வந்தபோது நாங்கள் அந்தத் துண்டுகளையே அதற்குள் கொண்டுபோனோம். அதன் பெயர் பாமினி. இலங்கையில் கடை வைத்துத் தமிழ் அடித்த யாருக்கும் இந்தப் பெயர் சோறு போட்ட பெயர். ஏறக்குறைய அதே டைப்ரைட்டர் வரிசைதான், விரல் புதிதாகக் கற்க வேண்டியது அதிகமில்லை. ஆனால் உள்ளே நடந்தது வேறு. கணினிக்கு அன்று தெரிந்தவை ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் மட்டும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பாமினி அந்த எண்களைத் தொடவில்லை. ஆங்கில எழுத்தின் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தமிழ்த் துண்டின் படத்தை வைத்தது. ஜே என்ற ஆங்கில எழுத்துக்குத் 'த' படம், கே என்பதற்கு 'ம' படம். தமிழ் என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி. எண்ணாகச் சொன்னால் 106, 107, 112, 111, 59. பத்து வருடம் நான் தமிழ் அடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். கணினியைப் பொறுத்தவரை நான் அர்த்தமில்லாத ஆங்கிலம் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பூட்டு இது. இதை நாமே போட்டுக்கொண்டோம். அடுத்த பூட்டு வெளியிலிருந்து வந்தது.

பக்கம் கட்டுவதற்கு எல்லாக் கடையிலும் பேஜ்மேக்கர்தான். 1985இல் ஆல்டஸ் என்ற அமெரிக்க நிறுவனம் மெக்கின்டோஷ் கணினிக்காக வெளியிட்டது. 1994இல் ஆல்டஸை அடோபி வாங்கியது, 1999இல் இன்டிசைனைக் கொண்டுவந்தது, 2001இல் பேஜ்மேக்கர் 7.0ஐ வெளியிட்டதோடு அதை நிறுத்திக்கொண்டது. நாங்கள் 6.5 வைத்திருந்தோம். காசு கொடுத்து வாங்கிய பிரதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது. அதன் கோப்பு அதற்கு மட்டும் புரிந்த பாஷையில் இருக்கும். எந்த பைட் பக்கத்தின் அகலம், எந்த பைட் எழுத்தின் அளவு என்பது செய்தவர்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியத் தேவையில்லை என்று நாங்களும் நினைத்தோம். மைக்ரோசொப்ட் நிறுவனமே தன் பழைய வேர்ட் கோப்பின் உள்ளமைப்பை 2008இல்தான் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது.

எங்கள் அப்பா கணக்குப்பிள்ளை. சட்டைப் பையில் ஒரு பொக்கட் செக்ரோல் இருக்கும். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப்பேர். அது எல்லாத் தோட்டத்திலும் ஒன்றுதான். ஆனால் ஓரத்தில் அவர் போட்ட சின்னச் சின்னக் கோடும் சுழியும் அவருக்கு மட்டுமே தெரிந்த கணக்கு: யார் பிள்ளைமடுவத்துக்குப் போக முன்னதாக இறங்கினார், யாருக்கு நாளைக்கு எந்த மலை. அவர் ஓய்வுபெற்ற பிறகு புதிதாக வந்தவர் அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு மூன்று நாள் எங்கள் லயத்துக்கு வந்து போனார். கோப்பைத் திறக்க உட்கார்ந்தபோது எனக்கு அந்த மனிதரின் முகம்தான் ஞாபகம் வந்தது. அவருக்காவது கேட்க ஒரு ஆள் இருந்தது.

கோப்பை வேர்டில் திறந்தால் குப்பை. நோட்பேடிலும் குப்பை. ஹெக்ஸ் எடிட்டர் என்ற ஒரு சின்ன மென்பொருள் உண்டு, எந்தக் கோப்பையும் அப்படியே பைட் பைட்டாகக் காட்டும். இடது பக்கம் எண்கள், வலது பக்கம் அந்த எண்ணுக்குரிய ஆங்கில எழுத்து. அதில் திறந்து கீழே கீழே போனேன். பக்கம் பக்கமாகச் சுழியம். பிறகு எங்கோ நடுவில், குப்பைக்குள் ஒரு கண்ணாடித் துண்டு போல, ஜே கே பீ ஓ அரைப்புள்ளி. தமிழ்! வேறு யாருக்கும் அது வெறும் எழுத்துக் குவியல். எனக்கு அது வாசிக்கக் கிடைத்தது. திரையில் தமிழ் தெரியாத நாட்களில் கூட விரலால் அடித்துப் பழகியவள், ஆங்கில எழுத்தைப் பார்த்தாலே விரல் தமிழாக அசையும். இரவு பதினொரு மணிக்கு, பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்க, மேசை விளிம்பில் விரலைத் தட்டித் தட்டி ஒரு கட்டுரையை முழுக்க வாசித்தேன்.

ஆக, பேஜ்மேக்கர் எழுத்தைக் குழப்பவில்லை, மறைக்கவுமில்லை. எழுத்து முழுவதையும் ஓரிடத்தில் வரிசையாக வைத்திருந்தது. அதை வெட்டியெடுத்து மாற்றியில் போட்டால் போதும் என்று நினைத்தேன்.

இந்த மாற்றிகளுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் தமிழ்ப் பத்திரிகைகள் இணையத்துக்கு வந்தபோது ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துருவோடு வந்தது. ஒன்றை வாசிக்க இறக்கியதை வைத்து இன்னொன்றை வாசிக்க முடியாது. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு செய்தார், சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை என்ற எழுத்துருவைச் செய்தார். அவர்தான் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழைய இலக்கியங்களை மின்வடிவாக்கியவர். அவர் போன்றவர்கள் சேர்ந்து திஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். அதில் ஒரு நல்ல புத்தி இருந்தது: 256 இடத்தில் முதல் பாதியை ஆங்கிலத்துக்கே விட்டுவிட்டுத் தமிழைப் பின்பாதியில் குடியேற்றினார்கள். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்று இன்னும் இரண்டு. இதற்கெல்லாம் முன்பே, 1991இலேயே, யுனிகோட்டில் தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியாயிற்று. ஆனால் கடையில் இருந்த கணினிக்கு அது தெரியாது. விண்டோஸ் 2000இல்தான் லதா என்ற யுனிகோட் எழுத்துரு கூடவே வந்தது. இலங்கையில் தரநிலை 1326 என்று 2008இல் ஒன்று வந்தது. தமிழ்நாட்டு அரசு 2010இல் யுனிகோட்டை ஏற்றது. அதற்குள் எங்களுடையது போன்ற கடைகளில் எத்தனை ஆயிரம் பக்கம் அடித்து முடிந்திருக்கும்! இந்தக் குப்பையையெல்லாம் யுனிகோட்டுக்கு ஏற்றச் சுரதா யாழ்வாணன் பொங்குதமிழ் மாற்றியைச் செய்தார், சென்னையிலிருந்து என்.எச்.எம். மாற்றி வந்தது. இவர்களுக்கு ஒரு சிலை வைத்தாலும் தகும், ஆனால் நம் ஊரில் சிலை வைப்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

மாற்றியில் போட்டேன். வந்தது. மேல் கொத்மலைக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே இப்படி ஒரு வரி: இத்திட்டத்தின் மூலம் 150 ஆறு மின்சாரம் கிடைக்கும்.

முதலில் நான் அதை மாஸ்டரின் எழுத்தென்றே நினைத்தேன். அவர் அப்படிச் சிலேடையாக எழுதக்கூடியவர். கொத்மலை ஓயாவை ஊருக்குள்ளேயே மறித்து, மலைக்குள் சுரங்கம் குடைந்து தண்ணீரைக் கொண்டுபோகும் திட்டம் அது. சென். கிளயர் நீர்வீழ்ச்சி வற்றிப்போகும் என்று எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்த காலம். ஆற்றைக் கணக்குப் பார்த்து விற்கிறார்கள் என்று சொல்ல வருகிறாராக்கும். இரண்டு பத்தி தள்ளி இன்னொரு '150 ஆறு'. அப்போதுதான் விரல் சொன்னது. பெரிய எம் அடித்தால் பாமினியில் ஆ. பெரிய டபிள்யூ அடித்தால் று. மெகாவோட்டுக்கு நாங்கள் ஆங்கிலத்தில் போட்ட இரண்டெழுத்துச் சுருக்கம்தான் ஆறாகி ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு எங்கே பார்த்தாலும் இதுதான். சென். கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தை ஊரில் எல்லோரும் டி.ஆர்.ஐ. என்றுதான் சொல்வோம். அது 'வுசுஐ' ஆகியிருந்தது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து எம்.பி.யாகப் போன சி.வி., ஆங்கில முதலெழுத்துகளில் அடிக்கப்பட்ட இடத்திலெல்லாம் 'ஊ.ஏ.' வேலுப்பிள்ளையாக நின்றார். தொலைபேசி எண்ணுக்கு முன் போடும் ஆங்கிலச் சுருக்கம் 'வுநட'. இது எங்கள் கோப்பில் மட்டுமில்லை. ஆங்கிலக் கமாவின் இடத்தில் பாமினி இகரத்தை வைத்திருக்கிறது. தோட்டத் தொழிலாளருக்கு நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை எத்தனை இணையப் பக்கத்தில் 1இ000 ரூபாய் என்று ஏறியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ஐந்தாறு வருடம் கேட்டு 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த சம்பளம், எழுத்தில் இன்னும் அந்த இகரத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறது.

மாற்றியைக் குறை சொல்ல முடியாது. நான் எழுத்தை மட்டும் வெட்டியெடுத்தேன். எந்த எழுத்து எந்த எழுத்துருவில் இருந்தது என்ற தகவலை வெட்டும்போதே எறிந்துவிட்டேன். மெகாவோட்டு டைம்ஸ் எழுத்துருவில் இருந்தது, மற்றதெல்லாம் பாமினியில். அந்தப் பிரிவு கோப்புக்குள் வேறெங்கோ எழுதப்பட்டிருக்க வேண்டும். பூட்டை உண்மையாகவே திறக்க வேண்டிய வேலை இங்கேதான் ஆரம்பமானது.

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது, உலகம் முழுக்க எல்லோரும் செய்வதுதான். ஒன்றை மட்டும் மாற்று, சேமி, முன்னதோடு ஒப்பிடு. தம்பி ஒருவன் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தான். அதில் பேஜ்மேக்கரைப் போட்டு ஒரு வெறும் பக்கம் சேமித்தேன். பிறகு சரியாக ஓரங்குல அகலத்தில் ஒரு பெட்டி வரைந்து இன்னொரு பெயரில் சேமித்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்கே வித்தியாசம் என்று பார்த்தேன். பெட்டியின் இடது விளிம்புக்கு ஓர் எண், வலது விளிம்புக்கு ஓர் எண். இரண்டுக்கும் இடையில் 1440. இரண்டங்குலப் பெட்டிக்கு 2880. அங்குலத்தை 1440 பங்காகப் பிரித்து அளக்கிறது, அதாவது ஒரு அச்சுப் பொயின்டில் இருபதில் ஒரு பங்கு. அந்த மென்பொருளைச் செய்தவர்கள் எப்படி யோசித்தார்கள் என்பது முதல் தடவையாகத் தெரிந்தபோது, சமையலறைக்குப் போய்த் தனியாக ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடித்தேன். பிளொப்பியில் கொள்ளும் அளவும் 1440 கிலோபைட் என்பது தற்செயல்தான், ஆனாலும் அன்று அது ஒரு சகுனம் போல இருந்தது.

பெட்டி எனக்குத் தேவையில்லை, எழுத்துருதான் தேவை. 'அஅஅஅ' என்று நான்கு எழுத்து பாமினியில் அடித்துச் சேமித்தேன். மூன்றாவது எழுத்தை மட்டும் டைம்ஸுக்கு மாற்றிச் சேமித்தேன். ஒரு சின்ன அட்டவணை அகப்பட்டது: இத்தனை எழுத்துக்கு இந்த எழுத்துரு, அடுத்த இத்தனை எழுத்துக்கு அந்த எழுத்துரு. செக்ரோல் மாதிரியேதான், ஒரு ஆளுக்கு ஒரு வரி. அந்த எண்ணிக்கையை வைத்து நடந்து போனால் பாமினித் துண்டு எது, ஆங்கிலத் துண்டு எது என்று பிரிந்துவிடும். இதைக் கையால் செய்ய முடியாது என்று தம்பி பைத்தனில் ஒரு நிரல் எழுதினான், இரண்டு பேரும் சண்டை பிடித்துப் பிடித்து மூன்று வாரத்தில் ஓடவைத்தோம். ஆறு மறுபடி மெகாவோட்டானது.

எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியவந்தது, பேஜ்மேக்கர் கோப்பை லிப்ரே ஒபிஸ் திறக்கும் என்று. டொக்யுமென்ட் லிபரேஷன் புராஜெக்ட் என்று 2014இல் ஒரு முயற்சி தொடங்கியிருக்கிறார்கள். கைவிடப்பட்ட மென்பொருள்களின் கோப்புகளை இப்படியே பைட் பைட்டாகப் பார்த்துத் திறந்துகொடுக்கும் வேலை. 2015 ஜனவரியில் வந்த லிப்ரே ஒபிஸ் 4.4ஆம் பதிப்பிலேயே பேஜ்மேக்கரும் சேர்ந்துவிட்டது. தம்பி தலையில் அடித்துக்கொண்டான். எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. அதில் திறந்தால் பக்கம் வருகிறது, பெட்டி வருகிறது. தமிழ் இருக்கும் இடத்தில் அதே ஆங்கிலக் குவியல்தான். வெளிப் பூட்டை அவர்கள் திறந்துவிட்டார்கள். நாமே போட்ட பூட்டை அவர்கள் எப்படித் திறப்பார்கள்?

நான்காவது பிளொப்பியை வேறொரு கடையில் அடித்திருந்தார்கள். எங்கள் கடையில் கணினி பழுதாகி இருந்த மாதம் அது. அந்தக் கடையும் இல்லை, அந்த எழுத்துருவும் யாரிடமும் இல்லை. ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தால் வெறும் எண்கள், எல்லாமே 128க்கு மேலே. என் விரலுக்கும் அது தெரியவில்லை.

மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் பிராமி எழுத்தை வாசித்த கதையைச் சொன்னார். அசோகர் காலத்து எழுத்தை ஒருவருக்கும் படிக்கத் தெரியாத நேரத்தில், கல்கத்தாவில் நாணயச் சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப், 1837இல் சாஞ்சித் தூபியின் வேலித் தூண்களிலிருந்த சின்னச் சின்ன வாசகங்களைப் பார்த்தாராம். எல்லாம் ஒரே மாதிரி முடிந்திருந்தன. கோயிலில் ஆளுக்கொரு தூண் கொடுத்தால் என்ன எழுதுவார்கள்? தானம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் பிடித்துவிட்டார். "நம்ம கோயில் டியூப் லைட்டுலயும் உபயம்னு எழுதலையா" என்றார் மாஸ்டர்.

எங்கள் இதழின் எல்லாப் பக்கத்துக்கும் அடியில் ஊர்ப் பெயர் உண்டு. தலவாக்கலை. பாமினி வழியில் அடித்தால் ஒன்பது துண்டு: த, ல, வ, கால், க, புள்ளி, க, ஐகாரக் கொம்பு, ல. ஐகாரக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும், கண்ணுக்குத் தெரிகிற வரிசை அதுதானே. அப்படியானால் இரண்டாவதும் ஒன்பதாவதும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும், ஐந்தாவதும் ஏழாவதும் ஒன்றாக இருக்க வேண்டும். தேடினோம். ஒன்றுமே பொருந்தவில்லை. மறுநாள் தேயிலைக் கடையில் வரிசையில் நிற்கும்போது உறைத்தது: 'க்' இந்த எழுத்துருவில் புள்ளியோடு சேர்ந்த ஒரே எழுத்தாக இருந்தால்? அப்போது எட்டுத் துண்டு, இரண்டாவதும் எட்டாவதும் மட்டும் ஒன்று. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அது இருந்தது. ஊர்ப் பெயரால் ஏழு எழுத்து கிடைத்தது. அதை வைத்து 'விலை', 'ஆசிரியர்', 'நுவரெலியா' என்று ஒன்றைப் பிடித்து ஒன்றாக இழுத்தோம். இரண்டு இரவில் மொத்த அட்டவணையும் வந்துவிட்டது. பிரின்செப்புக்குத் தானம், எங்களுக்குத் தலவாக்கலை.

யுனிகோட்டில் அதே பெயரை அடித்தால் ஐகாரக் கொம்பு லகரத்துக்குப் பின்னால்தான் பதிவாகும். உச்சரிக்கிற வரிசை. அதனால் மாற்றும்போது கொம்புகளையெல்லாம் பிடித்து எழுத்துக்கு அந்தப் பக்கம் தள்ள வேண்டும். ஒகரத்துக்கு முன்னொன்று பின்னொன்று இரண்டையும் பிடித்து ஒன்றாக்க வேண்டும். இதெல்லாம் விதி போட்டுச் செய்துவிடலாம்.

விதிக்குள் அடங்காதவை மிஞ்சின. சில பக்கங்களில் 'ர்' வரும் இடத்தில் ரகரம் இல்லை, காலுக்கு மேல் புள்ளி. 'ரி' வரும் இடத்தில் காலுக்கு மேல் இகரக் குறி. பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது, அந்தப் பக்கங்கள் அக்கா அடித்தவை. ஈய எழுத்திலும் டைப்ரைட்டரிலும் பழகியவர்களுக்கு வாலில்லாத ரகரத்துக்குக் கால்தான். திரையில் ஒரு மயிரிழை வித்தியாசம்கூடத் தெரியாது. 2005இல் கல்யாணமாகி வத்தளைக்குப் போன அக்காவின் விரலை நான் பதினாறு வருடம் கழித்து ஒரு பைட்டில் பார்த்தேன். போன் எடுத்துச் சொன்னபோது, "அடி போடி, இன்னமும் நான் அப்படித்தான் அடிக்கிறேன்" என்றார். தமிழில் காலுக்கு மேல் புள்ளி வரும் சொல் கிடையாது என்பதால் அதற்கு ஒரு விதி போட முடிந்தது.

ஔகாரம்தான் கழுத்தறுத்தது. பாமினியில் ஔகாரத்துக்குத் தனிக் குறி இல்லை. முன்னால் எகரக் கொம்பு, பின்னால் ளகரம். கௌரவம் என்று அடித்தாலும் 'கெள' என்று அடித்தாலும் கோப்பில் ஒரே மூன்று எண்கள்தான். மாற்றிகள் இரண்டில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும், பல மாற்றிகள் ஔகாரம் என்றே தீர்மானித்துவிட்டன. இணையத்தில் 'வௌிநாடு', 'வௌியீடு' என்று ஔகாரத்தின் தலையில் இகரம் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அரசாங்கப் பக்கங்களிலும் கூட. ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ இகரக் குறியோ வந்தால் அது உண்மையான ளகரம் என்று ஒரு விதி சேர்த்தோம். வெளிநாடும் வெள்ளமும் நேராகிவிட்டன. கௌரவமும் பௌர்ணமியும் கெடவில்லை. தம்பி முடிந்தது என்று கணினியை மூடினான்.

மாஸ்டரின் இதழில் பாதி பேச்சுத் தமிழ். லயத்துக் கிழவிகள் சொன்ன கதைகளை அவர்கள் சொன்னபடியே எழுதியிருந்தார். அதில் விளக்கு வெளக்கு. விளங்கவில்லை என்பது வெளங்கல. ளகரத்துக்குப் பின்னால் புள்ளியும் இல்லை, இகரக் குறியும் இல்லை. விதி அவற்றையெல்லாம் ஔகாரமாக்கி வைத்திருந்தது: வௌக்கு, வௌங்கல. ஏதோ வேற்று நாட்டுச் சொற்கள் மாதிரி. அகராதி ஒன்றை வைத்து ஒப்பிடலாம் என்றான் தம்பி. எந்த அகராதியில் வெளக்கு இருக்கிறது?

கடைசியில் நான் 340 பக்கத்தையும் அச்செடுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவருக்குக் கண் தெளிவில்லை. நான் வாசிக்க வாசிக்க அவர் கேட்டார். வௌக்கு என்று வந்த இடத்தில் எழுதியிருந்தபடியே வாசித்தேன், அவர் கையைத் தூக்கினார். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். ஒரு கதையில் கிழவி பேரனிடம் பேசும் இடம் வந்தது, அதிலும் வௌங்குதா என்று இருந்தது. வாய்க்குள் நுழையாமல் நான் நிறுத்தினேன்.

"வெளங்குதா" என்றார் மாஸ்டர்.

வட்டம் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.